ரத்தம் பாதி, சகவாசம் பாதி

குடியை விடவைக்கும் ஆலோசகனை ஊரில் யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் பந்தியில் நான் உட்கார்ந்த வரிசை சீக்கிரம் காலியாகிவிடும். வீட்டில் ஒரு குடிகாரரோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தீவில், டாலிகஞ்சில் இருக்கும் என் அறைக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் தம்பி

சவரிமுத்து சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரிக்குக் கயிறு கட்டுபவர். குடி, பீடி இரண்டும் இருபது வருடப் பழக்கம். மகன் ஜெரால்டுக்கும் அதே துறையில் வேலை கிடைத்தது. முதல் மாதமே அவன் சட்டைப் பையில் பீடிக்கட்டைப் பார்த்து ஆடிப்போய், மனைவி ஸ்டெல்லாவுடன் என்னிடம் வந்தார். பையனும் தன்னைப் போல ஆகிவிடுவானா என்பதுதான் அவர் கவலை.

அவருடைய அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லாருமே குடித்தவர்கள். இந்த இரண்டு போதையும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் உடம்புவாகு பரம்பரையாக வரலாம், மீதியைச் சகவாசம் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது.

"மத்லப், அப்படின்னா எம்மேல குத்தம் இல்ல சார். எங்கப்பாதான் ரத்தத்துக்குள்ள இருந்து என்னை வைன் ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போறாரு."

ஸ்டெல்லா நிதானமாகச் சொன்னார்: "மரைன் ஹில்ல இருக்கிற இவரு அண்ணனும் அதே அப்பாவுக்குத்தான் சார் பொறந்தாரு. அவரு இருமல் மருந்தக்கூட யோசிச்சுத்தான் குடிப்பாரு."

என் தயவு

முதலில் குடி, பிறகு பீடி, ஒவ்வொன்றாக விடலாம் என்று சொன்னது நான்தான். பாவம், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாமே என்ற நல்லெண்ணம். மூன்று வாரம் கழித்து குடித்த வாடையோடு வந்து நின்றார். படகுத்துறை ஷெட்டுக்குப் பின்னால் பீடி பிடிக்கக் கூடுபவர்கள்தான் வேலை முடிந்ததும் பாட்டில் திறப்பவர்கள். பீடியை இழுத்தால் உடம்பும் கூடவே மற்றதைக் கேட்கும். படித்த படிப்பில் இருப்பதுதான், கோட்டை விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. இனி இரண்டையும் சேர்த்தே விட வேண்டும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பீடிக்கு நீங்க பர்மிஷன் குடுத்தீங்க சார், மத்ததுக்கு பீடி பர்மிஷன் குடுத்திருச்சு."

ஆம், இல்லை

இரண்டும் இல்லாமல் ஏழு மாதம் ஓடியது. சவரிமுத்து இப்போது ஷெட் பக்கமே போவதில்லை. ஒரு நாள் ஜெரால்டு தனியாக வந்தான். பீடியோடு, சனிக்கிழமைகளில் இரண்டு பெக்கும் ஆரம்பமாகியிருந்தது. பயந்துபோயிருந்தான்.

படிவத்தைக் கொடுத்தேன். தந்தைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். இரண்டிலும் பேனாவை வைக்காமல் படிவத்தை என் பக்கம் திருப்பினான்.

"'நிறுத்திட்டாரு'ன்னு ஒரு கட்டம் வேணும் சார். குடிச்சவரு ரத்தம் எனக்கு வந்திருக்குன்னா, நிறுத்தினவரு ரத்தமும் வந்திருக்கும்ல?"

அறிவியல்படி அது சரியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்தது ஸ்கேலை வைத்து அந்த ஒரு கட்டத்தைப் போட்டுக் கொடுத்ததுதான்.