காவடிச்சிந்து மெட்டில் ஓமின் விதி

போன வருடம் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் தோற்றபோது நான் முருகனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். மற்ற பாடங்களில் தேறிவிட்டேன். இயற்பியல் சமன்பாடுகள் மட்டும் மனதில் நிற்கவில்லை. பொம்மசந்திராவில் நான் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியில், பத்தாவது தேறியவர்களை மட்டும்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவையும் தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலை.

என் கணவர் கேப் ஓட்டுகிறார். "விடு கோமதி, அழுவாத. நமக்கு வரலைன்னா வரல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை கூடியது.

ஒரு சஷ்டியன்று மனது கேட்காமல் கோயிலுக்குப் போனேன். "அப்பனே, உன் பாட்டெல்லாம் நாக்கில் நிற்குது. இது ஏன் நிற்கல? இதையும் நிக்க வை" என்று கேட்டேன். பிறகு பஜனையில் உட்கார்ந்து கண்ணீரோடு பாடினேன்.

பக்கத்தில் தாளம் போட்டவள் மஞ்சுளா. என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருபவள், பத்தாவது முடித்தவள், நான் தோற்ற கதை தெரிந்தவள். பாடி முடித்ததும் என்னையே பார்த்தாள்.

"அக்கா, அவ்ளோ பெரிய பாட்டு, பேப்பர் பாக்காம பாடுற. அந்த ஃபார்முலாவையும் பாடேன்."

எனக்குத் திக்கென்றது. "சாமி பாட்டு மெட்டுல அதைப் பாடலாமா? தப்பில்ல?"

"மெட்டு அவரு குடுத்ததுதானே. கோவிச்சிக்க மாட்டாரு."

முருகனே சொன்னது போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாளே பஸ்ஸில் தொடங்கினோம். மின்னழுத்தம் என்றால் மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கு என்று காவடிச்சிந்து மெட்டில் நான் பாட, மஞ்சுளா கணக்கு கொடுப்பாள். பக்க இணைப்பென்றால் தலைகீழாக்கிக் கூட்டு, கூட்டிவந்ததை மறுபடி தலைகீழாக்கு என்று அடுத்த அடி. ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் பின்சீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் தெரியாமலே சிலர் கை தட்டினார்கள். டிரைவர் ரேடியோவை நிறுத்திவிட்டார். இத்தனை வயதுக்குப் பிறகு படிப்பு எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது.

தேர்வு நாள் வந்தது. ஆறு ஓம், மூன்று ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் என்ன வரும் என்று கேள்வி. முருகா என்று கண்ணை மூடினேன். உதடு தானாக அசைந்தது. கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"ஏனம்மா, ஹாடு ஹேள்தா இதீரா?" பாட்டுப் பாடுகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

"சும்னே சார், சும்மா மனசுல" என்றேன். சிரித்துக்கொண்டே, சத்தம் வராமல் பாடச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் இரண்டு ஓம் என்று எழுதினேன்.

முடிவு வந்த அன்று மஞ்சுளாதான் செல்போனில் பார்த்தாள். "அக்கா, பாஸ்" என்றவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இன்று எனக்கு நிரந்தர வேலை. பஸ்ஸில் இன்னும் இரண்டு பெண்கள் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்காக நான் ஒளிவிலகல் பாடத்துக்கு மெட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.

நோய் தீர, கல்யாணம் ஆக மட்டும்தான் அவனிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, அன்பர்களே. பாடம் ஏறவில்லை என்பதையும் அவன் காது கொடுத்துக் கேட்கிறான். உங்களுக்கு எது வரவில்லையோ, கூச்சப்படாமல் அதைப் போய்ச் சொல்லுங்கள்.