வேலுச்சாமி மாமா கேட்காத தண்ணீர்

கோடாலி பச்சை மரத்தில் விழுந்தால் சத்தம் பொத்தென்று அமுங்கிப்போகும். காய்ந்த மரத்தில் விழுந்தால் கணீரென்று எழும்பி, எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வரும். அந்தச் சத்தத்தை இன்றைக்கு எங்கே கேட்டாலும், சேலத்தில் நான் குடியிருக்கிற தெருமுனை மரக்கடையில் கேட்டால்கூட, எனக்கு நாக்கு வறண்டுவிடுகிறது.

ஏற்காடு என்றால் ஸ்வெட்டரும் மூடுபனியும்தான் என்று நினைத்து வண்டியேறி வருகிறவர்களுக்கு நான் சொல்வது பொய்யாகத் தோன்றலாம். எனக்குப் பத்து வயது நடந்த அந்தச் சித்திரையில் மலை கொதித்தது. மஞ்சக்குட்டைக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டின் "லைன்" வீடுகளில், அதாவது வேலை செய்கிறவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில், ஒன்று எங்களுடையது. காப்பி பூப்பதற்குப் பெய்ய வேண்டிய மழை அந்த வருஷம் எட்டியே பார்க்கவில்லை. பள்ளத்து ஊற்றில் ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் குத்தவைத்துக் காத்திருக்க வேண்டும்; தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது.

அந்தக் கஷ்டத்தில்தான் அப்பா குடலில் ஆபரேஷன் ஆகி, சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து படுத்திருந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வேறொரு சொட்டு உள்ளே போகக் கூடாது, போனால் திரும்பவும் வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று டாக்டர் அம்மாவை மிரட்டி அனுப்பியிருந்தார். காய்ச்சுவதற்கு விறகு வேண்டாமா? எங்கள் வீட்டில் விறகு வெட்டுகிற ஆளே படுத்துக்கிடக்கிறார். கேஸ் அடுப்பு, எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அம்மா வேலியைப் பிடுங்கி எரித்தாள், பிறகு என் பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டுகளை எரித்தாள், அதற்கும் பிறகு உடைந்த முறத்தையும் விளக்குமாற்றையும் அடுப்பில் வைத்தாள்.

அப்போதுதான் வேலுச்சாமி மாமா வந்தார். சொந்தத்தில் மாமா இல்லை. எங்கள் லைனில் கடைசி வீடு. நோயாளி கிடக்கிற வீடு, பிள்ளை பெற்ற வீடு, ஆம்பிளை இல்லாத வீடு என்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய் விறகு வெட்டி அடுக்கிவிட்டு வருவார். ஊரில் அதற்கு "விறகுக் கூட்டம்" என்று பெயர். சிலர் அவரை வேலையற்ற மனுஷன் என்று சிரிப்பதும் உண்டு, சிரித்தவர்கள் வீட்டுக்கும் அவர் கோடாலியோடு போனதுண்டு.

"அம்மிணி, மேல்காட்டுல ஒரு சில்வர் ஓக் பட்டுப்போயி விழுந்து கெடக்குது. நாளைக்கு ஒரு நாளைக்குத்தான் ரைட்டரு வெட்ட விடுவாராம், திங்கக்கெழம மர லாரி வந்து ஏத்திக்குமாம். எட்டுப் பேரு வர்றோம். நீ அடுப்பப் பத்தி வெசனப்படாத" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர்றவங்களுக்குக் காப்பியாச்சும் வெக்கறனுங்கண்ணா" என்றாள்.

"காப்பியும் வேண்டாம், ஒரு வாய்த் தண்ணியும் வேண்டாம். கஷ்டப்படற ஊட்டுல ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சாலும் அது கூலி ஆயிரும் அம்மிணி. எங்க தண்ணிய நாங்களே கொண்டாந்துக்கறோம்."

அது அவர் கூட்டத்துக்கு அவரே வைத்திருந்த சட்டம். அவர் போன பிறகு அம்மா கட்டிலோரம் போய், "நல்லவேளைங்க, தண்ணிகூட வேண்டாம்னுட்டாங்க" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவள் பிற்பாடு தன்னைத் தானே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஞாயிறு விடியும்போதே கணீர் கணீரென்று ஆரம்பித்துவிட்டது. அம்மா இரண்டு குடங்களோடு ஊற்றுக்குப் போனாள். வீட்டில் காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரே ஒரு குடம், தட்டுப் போட்டு மூடி மூலையில் இருந்தது. "இது அப்பாவுக்கு மட்டுந்தான், யாரும் தொடப்படாது, நீயும் தொடப்படாது கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வெயில் ஏற ஏற அஸ்பெஸ்டாஸ் கூரை படபடவென்று வெடித்துச் சத்தம் போட்டது. மேல்காட்டில் அவர்கள் கொண்டுவந்த கேன் பதினோரு மணிக்கே காலியாகிவிட்டதாம். சித்த உட்காரலாம் என்று மற்றவர்கள் சொன்னதற்கு, சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் மரம் போய்விடும், படுத்துக்கிடக்கிற மனுஷனுக்கு யார் பதில் சொல்வது என்று மாமா மட்டும் கோடாலியை வைக்கவே இல்லையாம். இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது.

நானே கண்ணால் கண்டது இதுதான். உச்சி வெயிலில் மாமா ஒரு கட்டு விறகைத் தோளில் சுமந்துகொண்டு வந்து எங்கள் சுவரோரம் போட்டார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்பா தூங்கறாரா கண்ணு?"

"ஆமாங்க மாமா."

"அம்மா?"

"ஊத்துக்குப் போயிருக்குதுங்க."

"நொம்ப வெயிலு சாமி" என்றார். உதட்டை நக்கிக்கொண்டார், நாக்கு வெள்ளையாக இருந்தது. அவர் கண் மூலைக்குப் போயிற்று; தட்டு மூடின குடத்தில் நின்றது. எனக்குப் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நன்றாகப் புரிந்தது. பத்து வயதுக் கழுதைக்குத் தாகம் தெரியாதா? நான் எழுந்து போய்க் குடத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சத்தியமாகச் சிரித்தார். "செரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கோடாலிச் சத்தம் நின்றது. பிறகு கூச்சல் கேட்டது. நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன், பாதி வழியிலேயே கொட்டிப்போனது. மாமா சில்வர் ஓக் மரத்தோரம் மல்லாந்து கிடந்தார். உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. மிச்சத் தண்ணீரைத் தலையிலும் நெஞ்சிலும் கொட்டினார்கள், வாயில் ஊற்றினார்கள், எல்லாம் கடைவாய் வழியாக வழிந்துபோனது. "பாத்தீங்களா, யாரும் சொல்லாம தண்ணி கொண்டாந்திருக்குது, புள்ளைக்கு எம்புட்டுப் புத்தி!" என்று ஒருவர் என் தலையைத் தடவினார். அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிறது.

மஞ்சக்குட்டை ஜீப்பில் அவரை ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். மலை இறங்கி முடிப்பதற்குள், ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் விடிகிற நேரத்தில் மீதி ஏழு பேரும் வந்தார்கள். மர லாரி வருவதற்குள் அந்த மரத்தை வெட்டி முடித்து, எங்கள் சுவரோரம் அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் சாவு வீட்டுக்குப் போனார்கள். அம்மா அந்த விறகுக்கு முன்னால் நின்று அழுதாள், அழுதுகொண்டே அதிலிருந்து நாலு கட்டை உருவினாள். உள்ளே அப்பா தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வாள்? நன்றாகக் காய்ந்த விறகு, சட்டென்று பற்றிக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமாவின் மனைவி சரசு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, அவரு உங்கூட்டுல ஒரு வாய்த் தண்ணி கேக்கலீங்களா?" என்றார்.

"கேட்டிருந்தா என் உசுரயே குடுத்திருப்பனே அக்கா" என்று அம்மா வெடித்து அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நீதான ஊட்ல இருந்த? மாமா ஏதாச்சும் கேட்டாரா?"

"கேக்கலீங்க" என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது.

அப்பா தேறிவிட்டார், இப்போதும் நடமாட்டமாக இருக்கிறார். லைன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். ஊற்று இருந்த பள்ளத்தில் கார் நிறுத்துகிறார்கள். வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்துவிட்டது, நல்லதுதான். அடுத்தவன் அடுப்பு எரிகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. விறகுக் கூட்டம் மாமாவோடு கலைந்தது கலைந்ததுதான்.

போன சித்திரையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சரசு அத்தையைப் பார்த்தேன். கிளியூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பன் சொகமா இருக்கறாரா கண்ணு? அது போதும் சாமி, அவரு உசுரக் குடுத்ததுக்கு அது போதும்" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "நல்லா இருக்கறாருங்க அத்தை" என்றுதான் வந்தது. பஸ் வந்தது, அவர் ஏறிப்போனார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.