பஸ்ஸுக்குப் போன காணிக்கை

போன புரட்டாசியில் என் தம்பி மகன் திருமலைக்கு நடந்து போனான். வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபடியே செல்போனை அழுத்தி, நகரிப் பக்கம் இருக்கும் எங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டான். தண்ணீர் பாய்வதை வீடியோவிலும் பார்த்துக்கொண்டான். "சாமி கும்புடப் போனாலும் கயனி மேல கண்ணு வச்சிகினு இருக்கான் பாரு, அதான் பொறுப்பு" என்று எங்கள் அப்பா, நைனா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் இதே பொறுப்பை அம்மா காட்டியபோது நைனா என்ன செய்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம், பாதி வேர்க்கடலை, பாதி கரும்பு. கொட்டகையில் ஒரு செவலைப் பசு. அம்மா தன் தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வளர்த்தது, தலைச்சன் சினை, நாள் நெருங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திருமலைக்கு நடக்கலாம் என்று அம்மா கெஞ்சினாள். நைனா கேட்கவில்லை. ஊர் பஜனைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஜால்ரா அவருடையது, குரலும் பெரியது. மஞ்சள் துணி கட்டி, காணிக்கை முடிந்துகொண்டு வாசலைத் தாண்டிவிட்டால் மலையேறிக் கும்பிடும் வரை திரும்பக் கூடாது, ஊர்ப் பேச்சும் பேசக் கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு. பசுவைச் சித்தப்பாவிடம் விட்டோம். அவர் மாட்டின் வால் அசைந்தாலே இரண்டடி தள்ளி நிற்பவர்.

அம்மா சும்மா கிளம்பவில்லை. எங்கள் ஊர் வழியாகத் திருப்பதி போகும் காலை பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தாள். சித்தப்பா அவரிடம் சேதி சொல்ல வேண்டும். பஸ் எங்களைத் தாண்டும்போது அவர் அதைக் கத்திச் சொல்ல வேண்டும். கிளம்பிய மறுநாள் காலை அவர் படியில் தொங்கியபடி கத்தினார். "அக்கா, ராத்திரி கரண்டு வந்துச்சு! கரும்புக்குத் தண்ணி பாஞ்சுகினு இருக்குது! பசு நல்லா துன்னுது!"

அம்மாவின் முகம் தெளிந்தது. அவளுடைய சொந்த அண்ணனே, என் மாமா, கேட்டார்: "ஏம்மா, பெருமாளப் பாக்க வந்தியா, கண்டக்டரப் பாக்க வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. "இனிமே அந்தப் பக்கம் தலைய திருப்பின, பாத்துக்க" என்றார்.

அதற்கு மறுநாள், புத்தூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பஸ் வந்தது. "அக்கா! பசு ராத்திரியிலருந்து கஷ்டப்படுது! ஒத்தக் காலு மட்டும் வெளிய..." என்று கண்டக்டர் தொடங்கியதுமே நைனா ஜால்ராவை ஓங்கித் தட்டினார். "கோவிந்தா!" குழு முழுவதும் "கோவிந்தா!" என்றது. மறுபடியும் தட்டினார், மறுபடியும் கோவிந்தா. கண்டக்டரின் வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேண்டுமென்றே செய்தார். இன்றைக்கும் அந்த ஜால்ரா சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குப் பல் கூசுகிறது.

டிரைவர்தான் மனிதன். பஸ்ஸை நிறுத்தினார். அம்மா ஓடிப்போய் முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கன்னு மடங்கிகினு இருக்கு. கைய வுட்டுத் திருப்பணும். டாக்டரும் ஊர்ல இல்லியாம். நான் போறேன்."

"மஞ்சத் துணியோட திரும்பினா குடும்பத்துக்கே ஆவாது. சாமி பாத்துக்குவாரு, நட" என்றார் நைனா.

"சாமி மலையிலதான இருக்காரு? எங்கயும் போய்ட மாட்டாரு. பசு போய்டும்."

எதிர்ப்பக்கமாக நகரி பஸ் ஒன்று வந்தது. பணமெல்லாம் நைனாவின் இடுப்பில் இருந்தது. அம்மா கை நீட்டினாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையில் முடிந்திருந்த காணிக்கையை அவிழ்த்தாள். அதைக் கையில் இறுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். நானும் ஓடினேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "நீ நைனாகூட போ" என்றாள் அம்மா படியிலிருந்து. பஸ் போய்விட்டது.

அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அம்மா மேல்தான். அத்தனை பேர் நடுவில் என்னை விட்டுவிட்டுப் போனாளே என்று. வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. "சாமி காசுல டிக்கெட்டு வாங்கினவ" என்றார் மாமா. மலையில் எனக்கு மொட்டை போடும்போது நான் அழுத அழுகையைப் பார்த்து, சின்ன வயசிலேயே எவ்வளவு பக்தி என்று ஒரு கிழவர் வியந்தார்.

ஊர் திரும்பினோம். பசு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடாரிக் கன்று. அம்மாவின் வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. அவள் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானமே கன்று வெளியே வந்து விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொன்னாள். நாங்கள் சன்னதியில் நின்றது அதற்கு மறுநாள்.

நைனா லட்டைப் பிட்டுப் பசுவின் வாயில் வைத்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "சன்னதியில கண்ண மூடிகினு பசுவத்தான் நெனச்சேன். அந்த நிமிசம் இங்க கன்னு வுழுந்துச்சு." ஊரே கன்றுக்குக் குங்குமம் வைத்தது. கட்டுப்பாட்டை மீறியதற்காக அடுத்த வருடம் அம்மா செருப்பில்லாமல் நடக்க வேண்டும், காணிக்கை இரண்டு மடங்கு என்று தீர்ப்பும் ஆனது. அம்மா தலையாட்டினாள்.

"முந்தின நாளே பொறந்துச்சுன்னு சொல்லேம்மா" என்று நான் அவள் காதில் சொன்னேன். அவள் என் தொடையில் கிள்ளினாள். "வாய மூடு. சாமி குடுத்த கன்னுதான்." இரண்டு நாள் நான் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

அதற்கு முன் இருந்த மாடுகளுக்குப் பிறந்த கிடாரி எதுவும் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. பால் மறந்ததும் நைனா தரகரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார். அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். அந்த வருடமும் தரகர் வந்தார், வேலி ஓரம் நின்று சுட்டிக் கன்றைப் பார்த்தார். நைனா கையை ஓங்கிக்கொண்டு போனார். "பெருமாள் குடுத்தத விக்கிறதா? கெளம்புய்யா!"

தரகர் போனபின் கொட்டகைக்குப் போனேன். அம்மா கன்றின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நைனாவின் பொய்யைக் கேட்டு இவளுக்குச் சிரிப்பு வேறு வருகிறதே என்று எனக்கு அவள் மேல் இன்னும் கோபமாக வந்தது. கையிலிருந்த புல்லைக் கீழே எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.