ஆவுடையின் மூச்சு

போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் என் மகள் ஆவுடை காய்ச்சலில் விழுந்தாள். நாதஸ்வரம் வாசிக்கிற பிள்ளை. அவள் அண்ணன் மாரி தவில். நான் இருவருக்கும் தாளம் போடுகிறவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோயில் கொடை விழாவில் பிள்ளைகள் வாசித்ததை யாரோ செல்போனில் எடுத்துப் போட, மதுரையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டிருந்தார். ஐப்பசியில் ரெக்கார்டிங். அதற்குள் ஆவுடையின் நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் விலாவில் குழாய் போட்டு எடுத்தார்கள். அவள் அம்மாவும் மூச்சு முட்டித்தான் போனாள். அந்த இழுப்புச் சத்தம் எனக்குத் தெரியும். இப்போது மகளிடம் அதையே கேட்டேன்.

குழாயை எடுத்த பின் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். உள்ளே மூன்று பந்துகள். பக்கத்தில் வாய் வைக்க ஒரு குழல். பந்து மேலே எழுந்தால் நுரையீரல் விரிகிறது என்று அர்த்தம். ஆவுடை குழலை வாயில் வைத்தாள். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் வந்தது. ஒரு பந்துகூட அசையவில்லை. மறுநாளும் அப்படியே.

"யப்பா, எம்மூச்சு போயிட்டுப்பா" என்றாள்.

மாரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். "மதுரைக்கு வரலன்னு சொல்லிருவமா?" என்றான்.

பஸ் ஏறிச் சங்கரன்கோவில் வந்தேன். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால், மனக்கஷ்டம் உள்ளவர்கள் உட்கார்ந்து வேண்டுகிற சக்கரக் குழியில் உட்கார்ந்தேன். அங்கே சிலர் வாய்விட்டு அழுவார்கள். எனக்கு அதுவும் வரவில்லை. 'தாயே, ரெக்கார்டிங் வேண்டாம். ஒரு பந்து எந்திச்சாப் போதும்' என்று மனதுக்குள் சொன்னேன். பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை மடியில் முடிந்துகொண்டு திரும்பினேன்.

நான் வார்டுக்குள் நுழையும்போது, பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொண்டுவந்த நர்ஸம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"ஊதுதேங்க்கா."

"ஊதுதியா? இத உள்ள இழுக்கணும் மக்கா!"

"குழலக் குடுத்தா ஊதத்தானக்கா செய்வோம்?"

"சரியான நாயனக்காரிதான் போ!" அவர் சிரித்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் குழலை வாயில் வைத்தால் காற்றை வெளியே விடத்தான் தெரியும். ஆவுடை உள்ளே இழுத்தாள். முதல் பந்து துள்ளி எழுந்தது. மடியை அவிழ்த்து அவள் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினேன்.

பழைய மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை. நீளமாக வாசிக்க முடியாது. முன்பு என் தாளத்துக்கு அவள் வாசிப்பாள். இப்போது அவள் மூச்சுக்குக் காத்திருந்துதான் மாரியும் நானும் அடிக்கிறோம்.

ஸ்டுடியோக்காரர் தை வரை பொறுத்தார். பதிவு முடிந்ததும், "அண்ணே, நடுவுல மூச்சு இழுக்கிற சத்தம் விழுந்திருக்கு. எடுத்துடுறேன்" என்றார்.

அன்று எனக்கு வாய் வந்தது. "வேண்டாம்யா. அது இருக்கட்டும்" என்றேன்.

பாட்டு வந்திருக்கிறது. கேட்டால் நடுநடுவே ஒரு சின்ன இழுப்பு காதில் விழும். குறை என்று நினைக்காதீர்கள். அம்மன் எனக்குச் சொன்ன பதில் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய் வராமல் உட்கார்ந்திருப்பவர்களே, அம்மனிடம் மனதுக்குள் கேளுங்கள். ஒரு பந்து அளவுக்குக் கேட்டாலும் போதும். அவளுக்குக் கேட்கும்.