அவித்த மண்ணில் வளர்ந்த வேர்

வலது கை இடுக்கியைப் பிடித்திருந்தது. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அப்படித்தான் அவர் நுண்ணோக்கியின் கீழ் வேர்நுனிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நடுக்கவாதம் வந்து நான்கு வருஷம். காலை மாத்திரை பிடிக்கும் இரண்டு மணி நேரம்தான் அவருக்கு நாள்.

அவரைக் கவனிக்க என்னை வைத்தபோது, அப்பா மண் ஆராய்ச்சி செய்தவர் என்று மட்டும்தான் மகள் சொன்னாள். மீதியைக் குளிப்பாட்டும்போது அவரிடமே தெரிந்துகொண்டேன். காட்டு மரத்தின் வேர்நுனியை ஒரு பூஞ்சை வெள்ளையாகப் போர்த்திக்கொள்ளும். மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சித் தருவது அதுதான். மரத்தை வெட்டினால் அதுவும் போய்விடும். வெட்டிய சரிவில் கன்று நடும்போது குழிக்கு ஒரு பிடி பழைய காட்டு மண் போட்டால் பத்து வருஷத்தில் பூஞ்சை திரும்பிவிடும் என்று இவர் தன் ஆராய்ச்சித் துறைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அப்படி நட்ட முதல் சரிவின் வேர்களை இரண்டு வருஷமாக எண்ணி வந்தார். நூறு நுனியில் எழுபத்தொன்பது போர்த்தியிருக்கிறது என்று போன வருஷம் இவர் எண்ணிச் சொன்னதை நம்பி இரண்டாவது சரிவையும் வெட்டினார்கள். இந்த வருஷக் கணக்கு போய்ச் சேர்ந்தால் மூன்றாவது.

"எண்பத்து மூணு. எழுதிக்குங்க நர்சம்மா" என்றார்.

நாடியைத் தொடாமல் எண்ணை எழுதியதற்காகப் பயிற்சியில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். குனிந்து பார்த்து நானும் எண்ணினேன்.

"ஐயா, போர்வை இருக்கிறது முப்பத்தொண்ணுதான். மிச்சமெல்லாம் வெறும் வேர்."

"நாடி பிடிக்கிறவங்க வேரைப் பார்த்தா இப்படித்தான்."

"எதை எண்ணினாலும் ஒண்ணு ரெண்டு மூணுதானே? கண்ணுல புரையை வெச்சுக்கிட்டு, சீசன் முடியட்டும்னு ஆபரேஷனைத் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. உங்களுக்குச் சுவரும் வெள்ளையாத்தான் தெரியும்."

"சுவரு வெள்ளைதானே."

"இளம்பச்சை ஐயா. போன வருஷம் அடிச்சது."

சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எதுன்னு சொல்லாம ஒரு தட்டு வைங்க" என்றார்.

ஜன்னலோரத்தில் கண்ணாடி மூடிக்குள் ஒரு கன்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவித்து ஆறவைத்த மண்ணில் அவர் வளர்த்தது. அந்த மண்ணில் பூஞ்சை கிடையாது. அதன் வேரைக் கொஞ்சம் நறுக்கி, கழுவி, தட்டில் வைத்தேன். இருபது நிமிஷம் எண்ணினார்.

"எழுபத்தெட்டு."

எந்த வேர் என்று சொன்னேன். இடுக்கி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

மாலையில் அவருடைய பழைய மாணவர் போன் செய்தார். இப்போது அந்த ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர். இவருக்குப் போனைக் காதருகே பிடிக்க வராது. மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டேன்.

"கணக்கு ரெடியா சார்?"

"முப்பத்தொண்ணு. போன ரெண்டு வருஷமும் தப்பு."

 அந்தப் பக்கம் சிரிப்பு. "எதுக்கு சார் உங்களை நீங்களே போட்டு உடைக்கிறீங்க? எண்பதுன்னு ஒரு எண் குடுங்க, போதும். மண்ணுக்குள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க?"

"நான் எட்டிப் பார்த்தேன்னு சொல்லித்தானேடா இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்."

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "அப்பாவுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான் நர்சம்மா. அதையும் துடைச்சு விடணுமா? நீங்க எதுக்குக் குனிஞ்சு பார்த்தீங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. 

படுக்கையில் சாய்த்தபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ரெண்டாவது சரிவுல நானூறு மரம்."

மறுநாள் காலை மாத்திரை பிடித்ததும் பதிவேட்டைக் கேட்டார். மிச்சமிருந்த பதினொரு தட்டுகளையும் நான் எண்ணினேன். எதிலும் நாற்பதைத் தாண்டவில்லை. பழைய இரண்டு வருஷ எண்களின் மேல், கீழே இருப்பதைப் படிக்க முடியும்படி ஒரே ஒரு கோடு போடச் சொன்னார். பக்கத்தில் 'எண்ணியவர் கண் பழுது, நம்ப வேண்டாம்' என்று அவர் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்தை மட்டும் அவரே போட்டார். அது பக்கத்தின் கடைசிவரை ஓடியது.

நகலை உறையில் போட்டுத் துறைத் தலைவரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தேன்.

"படிச்சானா?"

"உறையைப் பிரிக்கலை. சாருக்கு இப்ப ஞாபகமெல்லாம் எப்படியிருக்குன்னு கேட்டார்."

 வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது, அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்க அழைத்துப்போனேன்.