தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

காலை எட்டு பத்துக்கு எதிர்வீட்டு மருந்துக்கடை அம்மா வேலைக்குக் கிளம்புவார். தலையில் ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் இறுக்கமாக. கையில் சைக்கிள். அதைத் தள்ளிக்கொண்டே நடப்பார். வளைவு வந்தால் இரண்டு முறை மணி அடிப்பார், குறுக்கே ஒரு பூனைகூட இல்லாவிட்டாலும். இரண்டு வருடம் நான்கு மாதம் ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு நாளும் அவர் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

வயது ஐம்பத்து மூன்று. கடையில் அவர் வேறு ஆள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். மாத்திரைக்குப் பயப்படுகிறவர்களிடம், "இத்தனூண்டு இருக்கு, இதா உங்கள முழுங்கிடப் போகுது?" என்பார். சைக்கிளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "காத்து கம்மியா இருக்கு சார்." டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

தெருமுனைத் தையல்காரர் விடமாட்டார்.

"என்னம்மா, வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா? கடிக்குமா?"

"கடிக்காது. தள்ளி விட்டுடும்."

அம்மா பதினொரு வயதில் ஒரு கல்யாண வீட்டு வாசலில், மொத்தச் சொந்தமும் பார்க்க சைக்கிளிலிருந்து விழுந்தவராம். "முட்டி அப்பவே ஆறிடுச்சு சார். அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல இருக்கு." இந்தச் சைக்கிள் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பியது. அவள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம், "தெனமும் பறக்கறேன்டி" என்று சொல்லி வைத்திருந்தார். போன மாதம் அவள், மூன்று வாரத்தில் வருகிறேன், நீ பறப்பதைப் பார்க்க வேண்டும் என்றுவிட்டாள்.

அன்று மாலையே என் கதவைத் தட்டினார். மழை அளவு, மின்சாரம் போன நேரம், பேப்பர் வந்த நேரம் எல்லாவற்றையும் நான் எழுதி வைப்பது தெருவுக்கே தெரியும்.

"சார், நாளையிலேருந்து சைக்கிள் ஓட்டிப் பழகப் போறேன். நான் விழறதையும் எழுதுங்க. நாலு பேர் சிரிக்கறதுக்கு விழறத விட, ஒருத்தர் எழுதறதுக்கு விழலாம்."

புது நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், இடப்பக்கமா வலப்பக்கமா, காரணம். முதல் நாள் காலை ஒன்பது முறை விழுந்தார். நான்காம் நாள் தகராறு வந்தது. நான் ஐந்து என்று எழுதியிருந்தேன்.

"ஆறு சார்!"

"வேலிச் செடிமேல் சாஞ்சதெல்லாம் விழுந்ததா ஆகாதும்மா."

"முள்ளு குத்தியிருக்கே, பாருங்க!" என்று முழங்கையை நீட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். திருத்தினேன்.

அதன்பிறகு விழுந்த இடத்திலிருந்தே, "எழுதிட்டீங்களா?" என்று குரல் வரும். தையல்காரரும் கழுத்தில் டேப்போடு வந்து நின்று, "அது பாதிதான் சார், ஒரு கால் தரையில இருந்துச்சு" என்று சாட்சி சொல்வார். "நீங்க சட்டையத் தைங்க. என் கணக்குல கை வைக்காதீங்க" என்பார் அம்மா. கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்னார். அவர் "அறுபத்தி மூணு!" என்றதும், அதைத் தன் சர்க்கரை அளவு என்று நினைத்து ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, ஒன்று. சனிக்கிழமை, இல்லை. "இல்லை" என்று எழுதியதைப் பார்த்து அவர் முகம் சற்று வாடியது. மொத்தம் எழுபத்தெட்டு.

ஞாயிறு காலை எட்டு பத்து. மகள் எதிர்வீட்டு வாசலில் நின்றாள். வளைவில் இரண்டு முறை மணி அடித்தது. அம்மா வந்தார், ஏறி உட்கார்ந்து. தையல் கடையைத் தாண்டினார். நேராக மகளுக்கு முன்னால் வந்து பிரேக்கைப் பிடித்தார். காலை ஊன்ற மறந்தார். அவசரமே இல்லாமல், சைக்கிளோடு இடப்பக்கமாகச் சாய்ந்து தரைக்கு வந்து சேர்ந்தார்.

மகள் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. தையல்காரரும் சிரித்துவிட்டார்.

கீழே கிடந்த அம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டு, என் ஜன்னலைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.