பனிப்பூதத்துக்குக் கொடுத்த சிறுவயது

காலை 8.45. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் டிக்கெட் நாற்பது ரூபாய். வெளியே ஒரே பனிமூட்டம். ஆனாலும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிறுவர்களுக்கு மாயக்கதை எழுதுகிறவள் நான். மன்னவனூரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பவித்ரா, "உங்க கதையில வர்ற பொண்ணு மாதிரியே நானும் ஆயிட்டேன்" என்று கடிதம் போட்டிருந்தாள். அதை நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அந்தக் கதையில் பனிப்பூதம் ஒரு மலையூரையே உறைய வைத்துவிடும். ஒரு சிறுமி தனியாக மலையேறிப் போய், தன் மிச்சச் சிறுவயதை அதற்குக் கொடுத்து ஊரை மீட்பாள். ஒரே நாளில் வளர்ந்த பெண்ணாக இறங்கி வருவாள். ஊர் மேளம் கொட்டி வரவேற்கும். அதோடு முற்றும்.

"ஏரி பாக்கவா போறீங்க?" என்றார் நடத்துநர்.

"ஒரு பிள்ளையைப் பார்க்க."

"நல்லதாப் போச்சு. இந்தப் பனியில ஏரி எங்க தெரியப்போகுது."

11 மணி. பள்ளிக்கூடத்தில் பவித்ரா இல்லை.

"அவ வந்து மூணு வாரமாச்சுங்க," என்றார் ஆசிரியை. "அவங்க அம்மா காட்டுல சறுக்கி விழுந்து, கால் ஒடிஞ்சு கெடக்காங்க. தம்பி படிப்பு நிக்கக்கூடாதுன்னு இவ கேரட் கழுவப் போயிட்டா. வீட்டுக்கே போயிக் கூப்பிட்டோம். உங்க புத்தகத்தை எடுத்துக் காட்டுறா."

வழி கேட்டுக்கொண்டு ஓடைக்கு நடந்தேன்.

ஓடையோரம் தொட்டியில் பெண்கள் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் பவித்ரா எழுந்து, கைகளைப் பாவாடையில் துடைத்தாள். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"அது வெறும் கதைம்மா. நீ பள்ளிக்கூடம் போகணும்," என்றேன்.

"அப்ப சோலிக்கு யாருங்க போறது? தம்பி சின்னப் பய."

பிறகு அவளே கேட்டாள்: "மேளம் அடிச்சாங்கள்ல, அதுக்கு மறுநாள் அந்தப் பொண்ணு என்ன செஞ்சா? பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்களா?"

மறுநாளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. "சேத்துக்கிட்டாங்க," என்று பொய் சொன்னேன்.

"அம்புட்டு வளந்தவள எந்தக் கிளாசுல உக்கார வச்சாங்க?"

"ஏ புள்ள, வெரசா வா," என்று தொட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் போய்விட்டாள்.

மாலை 3.30. திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதே மூட்டம்தான். என் வீட்டிலும் எட்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். குடித்த டம்ளரைக் கழுவச் சொன்னால் "பரீட்சைம்மா" என்பாள், நானே கழுவிவிடுவேன். தியாகத்தையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன்.